அஞ்சாவது மூலை

வயலில் இறங்குவதற்கு முன் அம்மா வரப்பின்மேல் ஒரு முறை சுற்றி வருவார். இடக்கையில் அரிவாள், வலக்கை விரல்களில் கணக்கு. இருபது நடைக்கு ஒரு விரல் மடங்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, வந்த வழியை ஒரு தடவையும் போகிற வழியை ஒரு தடவையும் பார்ப்பார். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்ததும் மெஷின் ஓட்டுகிறவரிடம் சொல்வார்: "மொறம். நாலு பாய்." அவர் எஞ்சினைப் போடுவார்.

முறம் என்பது வயலின் வடிவம். எதிரெதிரான இரண்டு பக்கங்கள் இணையாகப் போகும், ஒன்று நீளம், மற்றது குட்டை. நான் அதைச் சரிவகம் என்று பள்ளியில் படித்தேன். பாய் என்பது அம்மாவின் வேலைக்கு அளவு. ஒருவர் படுக்கும் பாயை விரிக்கிற இடத்தில் நிற்கும் கதிரைக் கையால் அறுத்தால் ஒரு பாய்.

பாபநாசத்தைச் சுற்றி இப்போது எல்லா ஊரிலும் மெஷின் அறுப்புதான். தை பிறந்ததும் ஆத்தூர்ப் பக்கமிருந்து பெல்ட் மெஷின்கள் வந்து இறங்கும். சேற்றிலும் ஓடும். ஆனால் மூலையில் திரும்ப அதற்கு இடம் வேண்டும். இல்லையென்றால் நிற்கிற கதிரை நசுக்கிவிடும். அதனால் மூலைகளை முன்கூட்டியே கையால் அறுத்து ஒதுக்கிவைக்க ஒரு ஆள் தேவை. இருபது வருஷமாக எங்கள் பக்கத்தில் அந்த ஆள் அம்மா. பெயர் ராமாயி. வயது அறுபத்தொன்று. மெஷின்காரர்களின் போன்களில் 'மூலை அம்மா' என்று இருக்கிறார்.

புடவைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வார். தலையில் அப்பாவின் துண்டு. முன்பெல்லாம் சட்டை பழசாகிக் காலர் கிழிந்த பிறகுதான் அம்மாவிடம் வரும். இந்தத் தையில் அவர் போட்டிருந்தது புதுச் சட்டை.

மூலைகளில் அவருக்கு மூன்று சாதி. வீட்டுச் சுவர்கள் சேர்வதுபோல் இருந்தால் 'சொவரு'. அதைவிடக் குறுகியிருந்தால் 'மூக்கு'. அகன்றிருந்தால் 'சாய்மானம்', சாய்வு நாற்காலியின் முதுகுபோல். சுவருக்கு ஒரு பாய் அறுக்க வேண்டும். மூக்குக்கு இரண்டு, ரொம்பக் கூர்மையென்றால் மூன்று. சாய்மானத்தில் அவருக்கு வேலையே இல்லை. மெஷின் தானே திரும்பிக்கொள்ளும்.

பெரும்பாலான வயல்களுக்கு நாலு மூலை. வாய்க்காலோ ரோடோ குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற இடத்தில் மூணு மூலை மிஞ்சும். அம்மாவுக்குப் பிடிக்காத வயல் அது. அவர் அதிகம் பேசுவதும் அதைப் பற்றித்தான்.

"மூணு மூலைன்னா ரெண்டு மூக்கு கட்டாயம் உண்டு. ஒரு மூலைய எவ்வளவு அகட்டுறியோ, அவ்வளவுக்கு மத்த ரெண்டும் கூம்பிப் போவும். வேற எங்க போவும் அதுங்க?"

ஒரு முக்கோணத்தில் குறைந்தது இரண்டு கோணங்கள் குறுங்கோணங்களாக இருக்கும். ஏழாம் வகுப்பில் இதை நிரூபிக்க எனக்கு அரைப் பக்கம் தேவைப்பட்டது.

மூணு மூலையிலும் பக்கங்களைப் பார்த்து மூன்று பெயர் வைத்திருக்கிறார். மூன்று பக்கமும் ஒரே நீளமென்றால் 'அடுப்புக்கல்லு'. இரண்டு மட்டும் ஒத்திருந்தால் 'கவட்டை'. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று பக்கமென்றால் 'பங்காளி'. "ஒத்துவராது. ஆனா சேந்தேதான் கெடக்கணும்" என்பார். பங்காளியும் கவட்டையும் நிறைய. அடுப்புக்கல்லை வாழ்நாளில் ஒரே ஒரு முறை, திருவையாற்றுக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறார். "மூணு பக்கமும் எழுவது எழுவது நடை. எனக்கே நம்பிக்கை வரல. ரெண்டாந்தடவ சுத்துனேன். மூணு மூக்கும் ஒரே மூக்கு! அறுத்துட்டு வர மனசே இல்ல, போ."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மூலைக்கு மூலை நின்று இருபுறமும் பார்க்கும் பழக்கம் முதல் வருஷத்துத் தவறில் வந்தது. ஒரு வயலை நடந்தார். நாலு பக்கமும் எண்பது நடை. நாலும் ஒன்றாயிற்றே, நாலும் சுவர் என்று முடிவுகட்டி, மூலைக்கு ஒரு பாய் அறுத்துவிட்டு ஒதுங்கினார். அது சுவரல்ல. ஆடிப்போன கட்டில் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்குமே, அப்படி ஒரு வயல். நாலு பக்கமும் சமம்தான். இரண்டு மூலை மூக்கு. மெஷின் மூக்கில் போய்ச் சிக்கி வாய்க்காலில் சாய்ந்தது. வெளியே இழுக்க இரண்டு டிராக்டர் வந்தன.

"நடை பக்கத்தத்தான் சொல்லும். மூலைய நின்னு பாத்தாத்தான் தெரியும்" என்பார். அன்றிலிருந்து அம்மா சொன்ன வடிவம் தப்பியதில்லை. இதைச் சொல்பவர்கள் மெஷின்காரர்கள்.

இன்னொன்றும் செய்வார். மெஷின் நேராகப் போக ஓட்டுகிறவருக்குத் தூரத்தில் ஒரு குறி வேண்டும். அம்மா ஒவ்வொரு மூலைக்கல்லிலும் நின்று குறி சொல்வார். "அந்த வேப்பமரத்தப் பாத்துப் போ." "டேங்க்குக்கு எடது பக்கமா புடி." இருநூறு வயலின் குறிகள் அவர் மனதில் இருக்கின்றன. எழுதிவைத்ததில்லை. நான் வரைபட மென்பொருள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இருநூறு வயலை நினைவில் வைக்க எங்களுக்கு ஒரு சர்வர் வேண்டும்.

எங்களுக்கும் ஒரு வயல் உண்டு. மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர்; மாவுக்கு நூறு குழி. அம்மாவும் அப்பாவும் முப்பது வருஷம் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் வாங்கியது. வீட்டில் அதற்கு 'அஞ்சு மூலை' என்று பெயர். அப்பா சாமிதுரை அதன் வரப்பை வேறு யாரையும் தொட விட்டதில்லை. வரப்போரம் செதுக்கி அண்டை வெட்டுவதும் அவரே, சேறு பூசுவதும் அவரே.

அந்த வயலின் நான்கு மூலைகளில் அம்மாவுக்கு வேலை இருந்தது. ஐந்தாவது, மேற்கு வரப்பின் நடுவில். முன்பு கன்னி வாய்க்கால் ஒன்று, வயலுக்குத் தண்ணீர் பிரிக்கும் சின்ன வாய்க்கால், அங்கே லேசாகத் திரும்பியிருக்கிறது. வாய்க்கால் போய்விட்டது, திருப்பம் தங்கிவிட்டது. சாய்மானத்திலும் சாய்மானம். கதிர் நிற்கும்போது ஓட்டுகிறவர் கண்ணுக்கே தெரியாது. அதனால் அறுப்பன்று அப்பா அங்கே போய் நின்று துண்டைத் தூக்கிக் காட்டுவார்; மெஷின் அதைப் பார்த்துத் திரும்பும்.

"ஒனக்கு வேலையில்லாத மூலை இது ஒண்ணுதான் புள்ள. இத நான் வெச்சிக்கிறேன்" என்பாராம். அம்மா சொல்லித் தெரியும்.

போன ஆடியில் அப்பா காய்ச்சல் என்று படுத்தார். நாலாம் நாள் இல்லை. நான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள்.

அம்மா இரண்டு மாதம் வயல் பக்கம் போகவில்லை. ஆவணி மழையில் மேற்கு வரப்பு உடைந்து கரைந்தது. அப்பாவின் கூட்டாளி இராஜாங்கம் மாமா, யாரும் கேட்காமலே, கூலி வாங்காமலே வந்து கட்டிக்கொடுத்தார். தெற்குக் கல்லில் கயிற்றைக் கட்டி வடக்குக் கல்லுக்கு இழுத்தார். கயிற்றின்மேல் வரப்பு வைத்தார். அத்தனை நேர்த்தியான வரப்பு எங்கள் ஊரிலேயே இல்லை. ஐந்தாவது மூலையில் இருந்த நடுக்கல் சேற்றுக்குள் எங்கோ போயிற்று. அடுத்த வயல்காரர் பஞ்சநதம் ஐயா புது வரப்பை ஒட்டி நடவு போட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது என் தவறு.

புரட்டாசியில் பட்டாவை அம்மா பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வந்தேன். போனை எடுத்துக்கொண்டு வயலைச் சுற்றினேன். கல் இருந்த இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி வைத்தேன். நான்கு புள்ளி. கோணங்களைக் கூட்டிப் பார்த்தேன், முந்நூற்று அறுபது டிகிரி. கணக்குச் சரியாக வந்ததால் மேலே யோசிக்கவில்லை. நாலு புள்ளியை எப்படி வைத்தாலும் முந்நூற்று அறுபதுதான் வரும். அஞ்சு மூலை என்பது எனக்கு ஒரு பெயராகவே பழகிப்போயிருந்தது.

படத்தை அம்மாவிடம் காட்டினேன்.

"ஒண்ணு கொறயுது எழிலு."

"நேர்க்கோட்டுல ஏதும்மா மூலை?"

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். படத்தை விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பினேன்.

தையில் தாலுகா ஆபீசிலிருந்து பதில் வந்தது. புதன்கிழமை அளக்க வருவார்கள். கல் இருந்தால் கல்லை அளப்பார்கள். இல்லாவிட்டால் நிற்கிற வரப்பை. மூலைக்கற்களைக் குறித்திருக்கும் பழைய சர்வே படத்தின், புலப்படத்தின், நகல் கேட்டிருந்தேன், இன்னும் வரவில்லை. அந்தப் புதனுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் வயலிலும் பஞ்சநதம் ஐயா வயலிலும் அறுப்பு. ஒரே மெஷின்.

அன்று காலை, அப்பா இறந்தபிறகு முதல்முறையாக, அம்மா அந்த வயலைச் சுற்றினார். தெற்குக் கல்லிலிருந்து மேற்கு வரப்பில் ஏறினார். மூன்று விரல் மடங்கின. நின்றார். வந்த வழியைப் பார்த்தார், போகிற வழியைப் பார்த்தார்.

மெஷின் ஓட்டுகிறவர் துரைராசு. ஆத்தூர்க்காரர், ஆறு வருஷமாக வருகிறவர். "ஏம்மா, நின்னுட்டீங்க? எத்தன மூல?" என்று கத்தினார்.

"அஞ்சு."

"எனக்கு நாலுதானம்மா தெரியுது."

"எனக்கும் நாலுதான் தெரியுது. அதான் நிக்கிறேன்."

இராஜாங்கம் மாமா மண்வெட்டியோடு வந்தார். விஷயம் தெரிந்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "கோணலாக் கட்டுனா ஏசுவாங்க. நேராக் கட்டுனா ஏசுவாங்கன்னு எனக்கு எப்புடித் தெரியும் தங்கச்சி?"

"ஒங்கள யாரு ஏசுனா? எழுந்திரிங்கண்ணே, வேலை இருக்கு."

பஞ்சநதம் ஐயா தன் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வயலில்தான் அம்மா பதினாறு வயதிலிருந்து நடவு நட்டார். இன்றும் அவர் அம்மாவை நீ என்பார், அம்மா ஐயா என்பார். கெட்ட மனிதர் அல்ல. விட்டுக்கொடுக்கிற மனிதரும் அல்ல.

"என்ன ராமாயி, ஒன் பொண்ணே கம்ப்யூட்டர்ல நாலுன்னு போட்டுக் குடுத்துருக்காம். நீ அஞ்சுங்குற?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அது போன்ல போட்டுதுங்க. நான் கால்ல போட்டது. கல்லு ஒங்க கதிருக்குள்ள இருக்குதுங்க ஐயா. எடுத்துக் காட்டுறேன்."

"எங்கன்னு தோண்டுவ? என் வயலு முழுக்கவா?"

"ஒரே எடந்தாங்க."

ஐயா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். "ஒரு எடம். கல்லு இருந்தா மூலை ஒன்னுது. இல்லன்னா இந்தப் பேச்சே இனிமே வரப்படாது. புதன்கிழம வர்றவங்ககிட்டயும்."

"சரிங்க."

அம்மாவுக்குத் தெரிந்தது நடைக் கணக்கு: தெற்குக் கல்லிலிருந்து அறுபது, வடக்குக் கல்லிலிருந்து நாற்பது. ஆனால் நேர் வரப்பிலும் அது நூறு நடைதான். மூன்று பக்க நீளம் தெரிந்தால் முக்கோணத்தை வரைந்துவிடலாம் என்பது பாடம். இந்த முக்கோணத்தில் திருப்பத்தோடு போனாலும் நேராகப் போனாலும் வித்தியாசம் ஏழு சென்டிமீட்டர். மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். நடையில் அது தெரியாது. கல் ஒரு முழம் தள்ளியும் இருக்கலாம், நாலு முழம் தள்ளியும் இருக்கலாம்.

அம்மா நடையை நம்பவில்லை. தெற்குக் கல்லுக்குப் போனார். "துரைராசு, கீழ எறங்கி வாப்பா. போன வருசம் இந்தக் கல்லுலேருந்து எத பாத்து ஓட்டுன?"

அவர் வந்து நின்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "மோட்டார் கொட்டாயம்மா. வெள்ளக் கதவு. நீங்கதான் காட்டுனீங்க."

"இப்ப வரப்பு எத பாக்குது?"

துரைராசு குனிந்து வரப்போடு கண்ணை ஓட்டினார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "செல்போன் டவர."

பஞ்சநதம் ஐயா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"வடக்குக் கல்லுலேருந்து திரும்பி வர்றப்ப?"

"மதகும்மா."

"எழிலு, நீ வடக்குக் கல்லுக்குப் போ. மதகுல செவப்புக் கட்டை தெரியும். அத விட்டுக் கண்ண எடுக்காம வா. எனக்கு நாப்பது நடை. ஒனக்கு முப்பத்தி நாலு. நீ சின்னதுலேருந்தே எட்டிப் போட்டு நடக்குறவ."

என் நடையை அவர் எப்போது அளந்தார் என்று தெரியவில்லை.

அவர் வெள்ளைக் கதவைப் பார்த்துக்கொண்டு பஞ்சநதம் ஐயாவின் கதிருக்குள் இறங்கினார். ஒரு நெல்தாளைக்கூட மிதிக்கவில்லை. எதிரில் நின்றதை அறுத்து, பிடி பிடியாக ஐயா பக்கமே அடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு நடையாக வைத்து வந்தார். நான் சிவப்புக் கட்டையைப் பார்த்துக் கதிரை விலக்கி நடந்தேன். முப்பத்து நாலில் நின்றேன். கையை நீட்டினால் அம்மாவின் சட்டையைத் தொடலாம்.

"இங்க வெட்டுங்கண்ணே" என்றார்.

இராஜாங்கம் மாமா அம்மாவின் அரிவாளை வாங்கி இடத்தைத் துப்புரவாக்கிக்கொண்டு மண்வெட்டியைப் போட்டார். முதல் வெட்டில் சேறு. இரண்டாவதிலும் சேறு. மூன்றாவதில் மண்வெட்டி வலப்பக்கமாக ஒரு சத்தம் போட்டது. மாமா மண்வெட்டியை வீசிவிட்டுக் கையால் தோண்டினார். கல் சாய்ந்து கிடந்தது. அடிப்பாகம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. தலையில் அளவைக்காரர்கள் வெட்டிய கோடு. மாமா அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

நான் போனில் புள்ளி வைத்தேன். ஐந்து. அந்த மூலையின் கோணம் நூற்று எழுபத்து நான்கு டிகிரி.

பஞ்சநதம் ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கல்லைப் பார்த்தார். கோட்டை விரலால் தடவினார். "எனக்கு எவ்வளவு போவுது?"

"மூணு குழிங்க. பங்காளி வடிவம், ரெண்டு மூக்கும் ஊசியாட்டம். ஒங்களுக்கு அதுல மெஷினே போயிருக்காதுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏ, அத வேற சொல்லிக் காட்டுறியா!"

"நட்டது நீங்க. இந்த வருசம் அந்த மூணு குழி நெல்லு ஒங்களுது. மூலை என்னுது."

"எடுத்துக்கம்மா" என்றார் அவர். நானறிய அவர் அம்மாவை அப்படி அழைத்தது அன்றுதான்.

கல்லை நிமிர்த்தி மண் அணைத்தார்கள். இராஜாங்கம் மாமா தான் கட்டிய நேர் வரப்பை வெட்டித் தள்ளினார். துரைராசு மெஷினைத் தெற்குக் கல்லுக்குக் கொண்டுபோய் வெள்ளைக் கதவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். அம்மா அதற்குள் நான்கு மூலைகளையும் அறுத்து முடித்திருந்தார். வழக்கமாக அதோடு அவர் வேலை முடிந்துவிடும். வரப்பில் ஏறி அடுத்த வயலுக்கு நடக்க ஆரம்பித்துவிடுவார்.

"நடுவுல யாராச்சும் நிக்கணுமேம்மா, யாரையாச்சும் கூப்புடட்டுமா?" என்று துரைராசு கத்தினார். நான் வரப்பிலிருந்து இறங்கினேன்.

அம்மா என்னைக் கையமர்த்தினார். கதிருக்குள் நடந்து கல்லுக்குப் போனார். அரிவாளை அதன்மேல் வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, ஒரு உதறு உதறி, மெஷினுக்குத் தெரியும்படி உயரத் தூக்கிப் பிடித்தார்.